இரும்பு வைக்காத கூடை

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் ஐந்து சொற்களை எழுதினார். கவனித்தல், கேள்வி, கருதுகோள், சோதனை, முடிவு. அறிவியல் முறை என்றால் இதுதான் என்றார். வகுப்பு மொத்தமும் அதை ராகம் போட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டது. மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்ன அதே ராகம். டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்து ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கு ஆகாத காரியம். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவள் தொடையில் ஒரு அடி வைப்பாள். "இவ பொறக்கும்போதே கால்ல சக்கரத்தக் கட்டிக்கினு வந்துட்டா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அடுப்பில் பாலை வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நான் நடுவில் வாசலுக்குப் போய் வந்திருப்பேன், பால் அடுப்பில் வழிந்திருக்கும்.

டீச்சரும் என் ரகம்தான். பொறுமை கிடையாது. அந்த வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்க இருந்தது. எல்லோரும் எரிமலை செய்வதாகச் சொன்னோம். தெர்மாகோல் மலை, உள்ளே சோடா மாவு, மேலே வினிகர், சிவப்புச் சாயம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அதற்கான சாமான்களை ஒரே கவரில் போட்டே கொடுப்பார்கள்.

"எவளாவது எரிமலையத் தூக்கிக்கினு வந்தீங்க, உங்களயும் அதுக்குள்ளயே தள்ளிடுவேன்" என்றார் டீச்சர். "எனக்கு மலை வேணாம், கேள்வி வேணும். உங்க வூட்டுல எல்லாரும் நம்புற விசயம் ஒண்ணு இருக்கும். அது நெசமானு பாருங்க. உங்க மனசுல இருக்கிற பதில மொதல்ல சொல்லிடுங்க, அதான் கருதுகோள். அப்புறம் அது தப்புனு காட்ட முடியுமானு பாருங்க. அப்பவும் தப்பா போவலன்னா, சரி, இப்போதைக்கு நம்பலாம்."

இப்போதைக்கு என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எதுவும் ஓரிடத்தில் நிற்காது என்பதுபோல் இருந்தது.

எங்கள் வீடு வடக்கனந்தலில். அப்பா அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். அம்மாவுக்குக் கோழிதான் எல்லாம். அதற்கு முந்தைய கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து அவள் வளர்த்த கோழிகள் அத்தனையும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. காலையில் கூண்டைத் திறப்பாள், இரண்டு கிடக்கும். மறுநாள் நான்கு. கொல்லையில் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அம்மா அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாள், தவிட்டைப் பிசைந்து கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அப்படியே திரும்பி வருவாள்.

மழைக்குப் பிறகு அவளே கரியாலூருக்கு மலைப் பேருந்தில் ஏறிப்போய், தெரிந்தவர் வீட்டில் கேட்டு, இரண்டு பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்தாள். கட்டைப்பையிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு மூன்றும் மலை இறங்கின. பெட்டைகளில் ஒன்று கறுப்பு, ஒன்று செவலை. கறுப்பு சாது. செவலை நின்ற இடத்தில் நிற்காது. "உன்ன மாரியே ஒண்ணக் குடுத்துட்டாங்கடி" என்றாள் அம்மா.

இரண்டும் முட்டையிட்டு முடித்து அடைக்கு உட்காரும் நேரத்தில்தான் டீச்சரின் கேள்வி வந்து சேர்ந்தது.

எங்கள் பக்கம் கோழியை அடை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை ஒற்றைப்படையில் அடுக்குவார்கள். அதோடு ஒரு கரித்துண்டும் ஒரு இரும்புத்துண்டும் வைப்பார்கள். ஆணியோ, லாடமோ, முறிந்த அரிவாளோ. இடி இடித்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு செத்து, முட்டை கூமுட்டையாகிவிடும். இரும்பு இருந்தால் அப்படி ஆகாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லா வீட்டுக் கூடையிலும் இரும்பு இருந்தது, அவ்வளவுதான்.

நான் இதைச் சொன்னதும் டீச்சரின் முகம் மலர்ந்தது. உடனே குறுக்குக் கேள்வி ஆரம்பித்துவிட்டார். "எத மாத்தப் போற? எத மாத்தாம வைக்கப் போற?"

ஒரு கூடையில் இரும்பும் கரியும் வைப்பேன், மற்றதில் இரண்டும் வைக்க மாட்டேன் என்றேன்.

"ரெண்டையும் எடுத்துட்டா எதனால கெட்டுச்சினு எப்பிடிடி தெரியும்? இரும்ப மட்டும் எடு. மணல், வைக்கோல், கரி, ரூமு, தீனி எல்லாம் ஒரே மாரி இருக்கணும்."

"கோழி வேற வேற ஆச்சே மிஸ்?"

"அத ஒண்ணும் பண்ண முடியாது. எந்தக் கோழிக்கு இரும்புங்கறத நீ முடிவு பண்ணாத, சுண்டிப் போட்டு முடிவு பண்ணு. நீ பண்ணா உனக்குப் புடிச்ச பக்கம் சாய்ச்சிடுவ."

பள்ளியில் இது சுலபமாக முடிந்துவிட்டது. வீட்டில்தான் போர் நடந்தது.

"இரும்பு இல்லாம அடை வைக்கறதா? உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் அம்மா. "போன வருசம் எனக்கு ஒண்ணு மிஞ்சல. இப்பதான் தலையெடுக்குது. அதுல கை வைக்கிறேன்றியே."

இரண்டு நாள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து அவள் உயிரை எடுத்தேன். கடைசியில் அவள் கரண்டியைக் கீழே போட்டாள். "படிப்புக்குனு சொல்ற. வச்சித் தொல. முட்ட கெட்டுச்சினா என் மூஞ்சில முழிக்காத" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் கண்ணில் இருந்தது பயம். அதை நான் பார்த்தேன், பார்த்தும் ஜெயித்துவிட்டோம் என்று குதித்தேன்.

ஒவ்வொரு கூடையிலும் ஒன்பது முட்டை. அப்பா நாணயத்தைச் சுண்டினார். செவலைக்கு இரும்பு இல்லை என்று விழுந்தது.

"அது வேணாம், இன்னொரு வாட்டி போடு" என்றாள் அம்மா. "செவலைக்கு ஏற்கெனவே பொறுமை கம்மி."

"ஒரு வாட்டிதான்" என்றேன் நான். கறுப்புக் கோழியின் கூடையில் முறிந்த கருக்கரிவாளின் முனையை வைத்தோம். செவலையின் கூடையில் கரி மட்டும். இரண்டையும் மூட்டை அடுக்கும் அறையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம்.

கோழி உட்கார்ந்தால் மூன்று வாரம் உட்கார வேண்டும். அந்த மூன்று வாரம் என்னால்தான் உட்கார முடியவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டு அந்த அறைக்கு ஓடுவேன். கறுப்பு கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். செவலை என்னைப் பார்த்ததும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். ஒரு வாரம் போனதும் அப்பாவின் போனில் விளக்கைப் போட்டு, முட்டையை அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நரம்புகள் கிளை கிளையாக ஓடின. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துடித்தது. நான் மூச்சு விடாமல் நின்ற மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

"போதும் வை. சூடு போயிடும்" என்று அம்மா பின்னால் நின்று அதட்டினாள். ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள்.

எல்லாம் சரி, இடியைக் காணோம். சோதனைக்கு இடி வேண்டும். தினமும் சாயங்காலம் மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு நிற்கும். நான் வாசலில் நின்று வா வா என்பேன். அம்மா அடுப்படி ஜன்னலில் நின்று போ போ என்பாள். ஒரே மேகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

ஒரு சாயங்காலம் வந்தேவிட்டது. மலையிலிருந்து உருண்டு வந்து எங்கள் தலைக்கு நேர்மேலே வெடித்தது. வாசல் தாழ்வாரத்து ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. நான் கைதட்டினேன். அம்மா முகம் வெளுத்துப் போய் நின்றாள். அடுத்த இடியில், "மாடில துணி காயுது, போய் எடுத்துக்கினு வாடி" என்று கத்தினாள். நான் நனைந்துகொண்டே துணியை வாரிக்கொண்டு இறங்கினால், அவள் மூட்டை அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா இங்க நிக்கிற?"

"கோழி பயந்துடுச்சானு பாத்தேன்" என்றாள்.

முட்டை பொரித்த அன்று காலை நான் பள்ளிக்குப் போகவில்லை. தரையில் குப்புறப் படுத்து, ஓட்டுக்குள்ளிருந்து வரும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் கறுப்புக் கோழியின் கூடையில் ஏழு குஞ்சுகள். செவலையின் கூடையில் எட்டு. இரும்பு இல்லாத கூடையில் ஒன்று கூடுதல்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் வந்து என்ன என்று கேட்டார்கள். அம்மா குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். சிரித்தாள். நெடுநாள் கழித்து அப்படிச் சிரித்தாள். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார்ட் எழுதினேன். மேலே கூடைப் படம், கீழே கட்டம், அதற்கும் கீழே கொட்டை எழுத்தில் முடிவு: "இடிக்கும் இரும்புக்கும் சம்பந்தம் இல்லை." டீச்சர் அதைப் படித்துவிட்டு வகுப்புக்கே காட்டினார்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மத்தியானம் கூடைகளைக் கழுவப் போட்டேன். வைக்கோலில் கோழிப்பேன் சேர்ந்திருந்தது. செவலையின் கூடையைக் குப்பைமேட்டில் கவிழ்த்துத் தட்டினேன். மணலோடு சேர்ந்து ஏதோ மினுங்கியது.

ஊக்கு. சேலைக்குக் குத்துகிற சின்ன ஊக்கு.

அம்மாவின் வளையலில் எப்போதும் ஊக்குகள் கொத்தாகத் தொங்கும். தாலிக்கயிற்றிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவசரத்துக்கு எனக்கு யூனிபார்ம் கிழிந்தால் அங்கிருந்துதான் ஒன்று கழற்றிக் கொடுப்பாள். மாடியில் காய்ந்த துணி, அறை வாசலில் நின்ற அம்மா, எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு நப்பாசை. ஊக்கு பித்தளையாக இருந்தால்? வெள்ளி நிறம் வெறும் பூச்சாக இருந்தால்? அது இரும்பு இல்லை என்றால் என் சோதனை தப்பித்துவிடும். அப்பாவின் ஆட்டோவில் கழற்றிப் போட்ட பழைய ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதன் பின்னால் இருந்த காந்தத்தின் பக்கத்தில் ஊக்கைக் கொண்டுபோனேன்.

டிக் என்று ஒட்டிக்கொண்டது.

ஸ்பீக்கரோடு அடுப்படிக்குப் போனேன். "இது இன்னா?" என்றேன்.

அம்மா பார்த்தாள். மறுக்கவில்லை. "இடி இடிச்சிக்கினே இருந்துச்சி. கை சும்மா இருக்கல" என்றாள்.

"என் புராஜெக்டையே கெடுத்துட்டியே! ரெண்டு கூடையிலயும் இரும்பு! இப்ப நான் கண்டுபுடிச்சது இன்னா? ஒண்ணும் இல்ல!"

"எனக்கு உன் புராஜெக்ட் தெரியாது. எனக்கு ஒம்பது உசுரு தெரியும்." அவள் குரல் உடைந்தது. "போன வருசம் குழி தோண்டுனது நீயா நானா?"

ஸ்பீக்கரைக் கீழே வைத்தேன். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை. அவள்மேல் பாவமாகவும் இருந்தது, அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த ஊக்கத் தூக்கிப் போட்டுட்டுப் போயிக்கினே இரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் கப் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

மறுநாள் காலை சார்ட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர் ஆட்டோவில் போனேன். ஊக்கு என் சட்டைப்பையில் இருந்தது. வழியெல்லாம் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, விரலில் குத்திக்கொண்டேன். எரிமலைக்காரப் பெண்கள் இரண்டு பேர் பின்சீட்டில் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் மலையில் குழப்பம் எதுவும் இல்லை. ஊற்றினால் பொங்கும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மண்டபத்தில் சார்ட்டை மாட்டி அதன் முன்னால் நின்றேன். முடிவு கொட்டை எழுத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தெரிந்தே பொய்யைப் பின்னால் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க என்னால் முடியாது. நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா வாங்கி, முடிவை அடித்துவிட்டு, கீழே "தெரியவில்லை" என்று எழுதினேன். ஊக்கை அந்தச் சொல்லின்மேல் குத்தினேன்.

மதிப்பெண் போட வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியர். நான் நடந்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "தெரியலன்னு சொல்றதுக்காம்மா இவ்ளோ தூரம் வந்தே?" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதற்குள் பக்கத்து மேசையில் எரிமலை பொங்கியது. எல்லோரும் அங்கே நகர்ந்தார்கள்.

டீச்சர் நகரவில்லை. ஊக்கைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பாராட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "திருப்பிச் செய்வியா?" என்று மட்டும் கேட்டார்.

"மாட்டேன் மிஸ்" என்று கத்தாத குறையாகச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "கப்பு குடுத்தாங்களா?"

"எரிமலைக்குக் குடுத்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"எங்கம்மா ஊக்கு போட்டுட்டாங்கன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாடியுமா?"

நான் சார்ட்டை மூலையில் சாய்த்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அதற்குப் பிறகு பல நாள் எங்களுக்குள் தேவைக்குத்தான் பேச்சு. தட்டு வரும், சாப்பாடு வரும், வார்த்தை வராது. குஞ்சுகள் மட்டும் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தன.

குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்து, பெட்டைகள் மறுபடி முட்டையிட்டு, மறுபடி அடைக்கு வந்தபோது மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் இரண்டு கூடைகள் தயாராக இருந்தன. மணல், வைக்கோல், கரி. ஒன்றில் கருக்கரிவாள் முனை. மற்றதில் இரும்பு இல்லை.

"செவலைக்குத்தான் போன வாட்டி விழுந்துச்சி. அதுக்கே இருக்கட்டும்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

"நீ போட்டுடுவ."

"போட மாட்டேன்."

"இடி இடிச்சா போட்டுடுவ."

அவள் குனிந்து கூடையின் வைக்கோலைச் சரிசெய்தாள்.

இந்த முறை மேகத்தை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சில நாளிலேயே ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் உறுமத் தொடங்கியது. நான் மூட்டை அறை வாசலில் போய்க் காவலுக்கு நின்றேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். வெங்காயம் நறுக்கினாள். பாதியில் விட்டுவிட்டு வந்து அறையை எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போனாள். மறுபடி வந்தாள். அவள் அப்படி நடந்து நான் பார்த்ததேயில்லை. நடப்பது என் வேலை. அவள் விரல்கள் வளையலில் தொங்கிய ஊக்குகளைத் தடவிக்கொண்டே இருந்தன.

தலைக்குமேல் முதல் இடி விழுந்ததும் அவள் என் முன்னால் வந்து நின்றாள். வளையலில் இருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். தாலிக்கயிற்றில் இருந்ததைக் கழற்றினாள். கடைசியில் தோளில் சேலைக்குக் குத்தியிருந்ததையும் கழற்றினாள். எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"இத எடுத்துக்கினு தூரமா போ" என்றாள். "கையில இருந்தா போட்டுடுவேன். எனக்கும் தெரிஞ்சாவணும்."

நான் இரண்டடி வைத்ததும், "அந்தச் சாவிக்கொத்தயும் எடுத்துக்கினு போ. மாடத்துல ஆணி இருக்குது பாரு, அதயும்" என்றாள்.

இரண்டு கையிலும் இரும்பை வைத்துக்கொண்டு வாசல் தாழ்வாரத்தில் நின்றேன். மழை பிடித்து அடித்தது. ஒவ்வொரு இடிக்கும் உள்ளேயிருந்து அம்மா "அய்யோ" என்று சொல்வது கேட்டது. இந்த முறை எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. குஞ்சுகள் பிழைக்க வேண்டும் என்று இருந்தது. கருதுகோளுக்காக இல்லை, அவளுக்காக.

மூன்று வாரம் முடிந்தபோது கறுப்பின் கூடையில் ஏழு குஞ்சுகள், செவலையின் கூடையிலும் ஏழு. இந்த முறை மணலை இருவரும் சேர்ந்து சல்லடையில் சலித்தோம். எதுவும் மினுங்கவில்லை.

"பாத்தியா! இரும்பு வேணாம்! நான் அப்பவே சொன்னேன்ல!" என்று குதித்தேன். ஓடிப்போய் டப்பாவில் போட்டு வைத்திருந்த ஊக்குகளைக் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டினேன்.

அம்மா கூடைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"ஒரு வாட்டிதானே ஒழுங்கா வச்சோம்" என்றாள். "செவலைக்கு ராசியோ இன்னாவோ, யாரு கண்டா? அடுத்த வாட்டி கறுப்புக்கு இரும்பு இல்லாம வைக்கலாம். அப்பவும் பொரிச்சா நம்புறேன்."

நான் நீட்டிய கையை அவள் மெல்லத் தள்ளினாள்.

"அதுவரைக்கும் ஊக்கு உன்கிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, குத்தாத முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குஞ்சுகளுக்கு நொய் எடுக்கப் போனாள்.